பட்டாளத்து டாக்டர் என்னதான் செய்தார்?

திருநெல்வேலிச் சீமையில், இரண்டாம் உலகப்போருக்குப் போய்வந்த டாக்டர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: “தாத்தா எத்தனை பேருக்குக் குண்டு எடுத்தாரு?” கேட்பதில் தப்பில்லை. ஆனால் பர்மா முனையில் இருந்த ராணுவ மருத்துவரின் ஒரு நாளைப் பிரித்துப் பார்த்தால், கத்தி பிடித்த நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் தண்ணீர், கக்கூஸ் குழி, கொசு, மாத்திரை வரிசை, கணக்கு நோட்டு என்றே போயிருக்கும். அந்த வேலையைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. படையைக் காப்பாற்றியது அந்த வேலைதான்.

இதைப் புரிந்துகொள்ள ஒருவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால் போதும். ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் நம் ஜில்லாக்காரர் அல்ல. ஆனால் நம் பக்கத்துப் பையன்கள் மருத்துவம் படிக்கப் போன அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாராசூட்டில் குதித்த முதல் இந்தியப் படையினரில் ஒருவர். அப்போது அவர் 152-வது பாராசூட் பட்டாலியனின் மருத்துவர். பிறகு கொரியப் போரில் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி மகாவீர் சக்ரா பெற்றார். ராணுவத்துக்குப் பின், உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கும் வேலையில் நின்றார். பர்மா, கொரியா, ஆப்கானிஸ்தான் என்று மூன்றும் வேறு வேறு உலகம் போலத் தெரியும். வேலை செய்த முறை ஒன்றுதான்: தன் கண்ணால் பார், எண்ணு, மறுபடி போய்ச் சரிபார்.

பர்மாவிலிருந்து தொடங்குவோம். 1943-ல் அந்த எல்லையில் இருந்த படையின் நிலையைத் தளபதி வில்லியம் ஸ்லிம் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். காயம்பட்டு ஒருவர் பின்னால் அனுப்பப்பட்டால், நோயில் விழுந்து 120 பேர் அனுப்பப்பட்டார்கள். மலேரியா மட்டும் ஆண்டுக்கு மொத்தப் படைபலத்தில் 84 சதவீதம். இப்படியே போனால் சில மாதங்களில் சண்டை போட ஆளே இருக்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

மருந்து கைவசம் இருந்ததா என்றால், அதிலும் சிக்கல். 1942-ல் ஜாவா ஜப்பானிடம் போனதும் மலேரியா மருந்தான கொய்னாவை எடுக்கும் சின்கோனாப் பட்டை உலகத்துக்கு வந்துகொண்டிருந்ததில் பெரும்பங்கு நின்றுபோயிற்று. நீலகிரியில் நடுவட்டத்துத் தோட்டம் இருந்தாலும் அது ஒரு பெரும்படைக்குக் காணாது. கொய்னாவுக்குப் பதிலாக மெபக்ரின் என்ற மஞ்சள் மாத்திரை வந்தது. அளவு: தினம் ஒன்று, 100 மில்லிகிராம். இரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்து நிலைக்கச் சில வாரம் ஆகும். அதனால் கொசு இருக்கும் இடத்துக்குப் போவதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். இடையில் விட்டால் பாதுகாப்பும் இறங்கிவிடும்.

சிப்பாய்கள் அதை விழுங்க மறுத்தார்கள். கசப்பு, குமட்டல், தோல் மஞ்சளாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது ஆண்மையைப் போக்கிவிடும் என்று ஒரு வதந்தி முகாம் முகாமாகப் பரவியிருந்தது. மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினால் அது மண்ணுக்குள் போய்விடும். ஆகவே மாத்திரை வரிசை வந்தது. சாயங்காலம் ஆட்களை நிறுத்தி, பேர் கூப்பிட்டு, அதிகாரி முன்னால் மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடிக்கவைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லி, நோட்டில் குறிப்பார்கள். அந்தி சாய்வதற்கு முன் முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை கட்டாயம். ஸ்லிம் திடீர் சோதனை நடத்தி, மாத்திரை விழுங்கியவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே இருந்த பிரிவின் தலைமை அதிகாரியை வேலையை விட்டே தூக்கினார். மூன்று பேரைத் தூக்கியதும் மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். டாக்டரைத் தண்டிக்கவில்லை, படை அதிகாரியைத் தண்டித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். நோய்த் தடுப்பு மருத்துவர் மட்டும் செய்து முடிக்கிற காரியமில்லை என்பதை அந்த ஒரு உத்தரவு ஊர்ஜிதம் செய்தது.

இன்னொரு மாற்றம், காய்ச்சல்காரரை இந்தியாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. போனவர் திரும்ப ஐந்து மாதம் ஆகும். அதற்குப் பதில் சண்டை நடக்கும் இடத்துக்குச் சில மைல் பின்னால் கூடாரம் போட்டு, காய்ச்சல் கண்ட 24 மணி நேரத்துக்குள் வைத்தியம் தொடங்கினார்கள். மூன்று வாரத்தில் ஆள் தன் பிரிவுக்குத் திரும்பினார். 1945-ல் எல்லா நோயும் சேர்ந்து நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது.

அடுத்தது தண்ணீர். பட்டாளத்து டாக்டரின் கையில் ஸ்டெதாஸ்கோப்புக்கு நிகராக இருந்த சாமான், தண்ணீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்று சோதிக்கும் ஹாராக்ஸ் பெட்டி. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் ஹாராக்ஸ் உருவாக்கியது. நம் ஊர் சுகாதார ஆய்வாளர்களும் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட இதே முறையைத்தான் படித்து வருகிறார்கள். பெட்டிக்குள் ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒரு கறுப்புக் கிண்ணம், 2 கிராம் கொள்ளும் கரண்டி, சொட்டுக்குழாய், கலக்க ஏழு கண்ணாடிக் குச்சி, ஸ்டார்ச்-அயோடைடு திரவம். கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டி பவுடரைத் தலைதட்டிப் போட்டு, முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு உள்கோடு வரை தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளியவிட வேண்டும். ஆறு வெள்ளைக் கிண்ணத்திலும் சோதிக்க வேண்டிய தண்ணீர். தெளிந்த கரைசலை முதல் கிண்ணத்தில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு என்று ஆறு வரை விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குச்சியால் கலக்கி அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு ஸ்டார்ச் திரவம். எந்தக் கிண்ணத்தில் முதலில் தெளிவாக நீலம் ஏறுகிறதோ அந்த எண்தான் விடை. மூன்றாவது என்றால் மூன்று கரண்டி, அதாவது 455 லிட்டருக்கு 6 கிராம்.

கிணற்றுக்கு இதைக் கணக்குப் பண்ணுவது எளிது. விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 28,260 லிட்டர். மூன்றாம் கிண்ணம் நீலமானால் ஏறத்தாழ 375 கிராம் பவுடர். அதை அப்படியே உள்ளே கொட்டக்கூடாது. ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மிகாமல் போட்டு, குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்பதை மட்டும் இன்னொரு வாளிக்கு இறுத்து, அந்த வாளியைக் கயிற்றில் இறக்கித் தண்ணீருக்குள் ஏற்றி இறக்கிக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பை உள்ளே விட்டால் தண்ணீர் கடினமாகும். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக்கூடாது. ராத்திரி போட்டுக் காலையில் இறைப்பது நல்லது.

எங்கே தப்பும்? பெரும்பாலும் இரண்டு இடத்தில். மூடியைத் திறந்துபோட்ட பவுடர் நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சில நாளில் வீரியம் இழந்து வெறும் சுண்ணாம்பாகிவிடும். அதனால்தான் போன மாதத்து அளவை இந்த மாதம் போடாமல், ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தை வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டாவது, கலங்கல் தண்ணீர் பவுடரிலுள்ள குளோரினைத் தின்றுவிடும். பர்மாவில் மழைக்காலத்து ஓடைத் தண்ணீரை முதலில் படிகாரம் போட்டுத் தெளியவைத்தார்கள். நம் ஆச்சிமார் தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைத்துச் செய்த காரியம் இதுவே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணிக் கரையெங்கும் கிணறும் தொட்டியும் சேற்றுத் தண்ணீரில் முங்கின. அந்த மாதிரி வெள்ளம் வடிந்த கிணற்றில் சேற்றை இறைக்காமல் பவுடரைப் போட்டால் பவுடர்தான் நஷ்டம்.

மலேரியாவுக்கு மாத்திரை இருந்தது. மருந்தே இல்லாத ஒரு காய்ச்சலும் அந்தக் காட்டில் இருந்தது. அது நம் ஜில்லாவிலும் இருப்பதால் விரிவாகச் சொல்ல வேண்டும்: ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிவப்புப் பூச்சியின் குஞ்சு கடித்தால் வருவது. 1944-ல் மருத்துவர் செய்ய முடிந்தது நல்ல பராமரிப்பு மட்டும்தான்: படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, காய்ச்சலைக் கவனித்துக் காத்திருந்தார்கள். துணியில் டைபியூட்டைல் தாலேட் என்ற எண்ணெய்த் திரவத்தைத் தேய்த்துப் பூச்சியைத் தடுத்தார்கள். குளோராம்பெனிகால் என்ற மருந்து இந்தக் காய்ச்சலைக் குணப்படுத்துகிறது என்று மலாயாவில் நிரூபித்ததே 1948-ல்தான்.

இன்றைக்கு மருந்து இருக்கிறது, விலையும் சொற்பம். பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மருத்துவர் சொல்லும் நாள் வரை, கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அப்படியும் உயிர்கள் போவதற்குக் காரணம், டெங்கு என்றும் டைபாய்டு என்றும் ஒரு வாரத்தை வீணாக்குவதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தோட்டத்திலும் புல்லறுக்கும் இடத்திலும் வேலை செய்கிறவருக்கு, மழைக்காலத்திலோ அதை ஒட்டிய பனிக்காலத்திலோ ஐந்து நாளைத் தாண்டிக் காய்ச்சல் அடித்தால் உடம்பு முழுக்கத் தேடிப் பார்க்க வேண்டும். தேடுவது ஒரு புண்ணை: நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு, பீடியால் சுட்டது போல் இருக்கும். வலிக்காது, அரிக்காது, ஆகவே நோயாளி சொல்லமாட்டார். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு, காதின் பின்புறம், அரைஞாண் கயிறு பதியும் கோடு, பாவாடை நாடா இறுகும் இடம். பூச்சி ஏறிவந்து துணி இறுகிய இடத்தில் நின்று கடிக்கிறது என்பதுதான் காரணம். மாநிறத் தோலில் இந்தப் புண் எளிதில் கண்ணில் படாது. நல்ல வெளிச்சம் வேண்டும். சேலையை விலக்கிப் பார்க்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்ட புண்களால் எத்தனை உயிர் போயிருக்கும் என்று நினைத்தால் மனசு பதறுகிறது. புண் இல்லையென்றால் நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனை வேண்டும்.

இனி காயம். வயலில் அரிவாள் பட்ட வெட்டுக்கு ஓரம் சுத்தமாக இருக்கும். சீக்கிரம் வந்தால் கழுவித் தையல் போடலாம். குண்டும் வெடிச்சில்லும் பட்ட காயம் வேறு ஜாதி. வெளியே சின்ன ஓட்டை, உள்ளே நசுங்கிச் செத்த சதை, அதற்குள் மண்ணும் துணிக்கிழிசலும். அதைத் தைத்து மூடினால் காற்றுப்படாத இடத்தில் கிருமி பெருகி, சதைக்குள் வாயு கோத்து அழுகி, இரண்டொரு நாளில் ஆளே போய்விடுவார். முதல் உலகப்போர் கற்றுக்கொடுத்த பாடம் இது. ஒவ்வொரு போரிலும் புதிதாக வரும் இளம் மருத்துவர்கள் அதை மறுபடி கற்க வேண்டியிருந்தது. செய்முறை: காயத்தை நீளவாக்கில் திறந்து, செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும். செத்ததா உயிருள்ளதா என்பதற்கு நான்கு சோதனை: நிறம் சரியாக இருக்கிறதா, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா, கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா. பிறகு மெல்லிய துணியைத் தளர்வாக வைத்துத் திறந்தே விட வேண்டும். இறுக்கித் திணித்தால் சீழ் வெளியேறாது. நாலைந்து நாள் கழித்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் அப்போது தையல். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பின்னால் அனுப்பும்போது, கட்டை மேலிருந்து கீழ்வரை பிளந்துதான் அனுப்ப வேண்டும். வழியில் வீங்கினால் ரத்த ஓட்டம் நின்று காலே போகும்.

வலி போக்கும் மார்பியாவில் ஒரு கண்ணி உண்டு. அதிர்ச்சியில் உடம்பு சில்லிட்டுக் கிடப்பவருக்குத் தோலுக்கடியில் ஊசி போட்டால் மருந்து அங்கேயே தங்கிவிடும். வலி குறையவில்லையே என்று அடுத்த இடத்தில் இன்னொரு ஊசி. ஆஸ்பத்திரியில் கம்பளி போர்த்தி, ரத்தம் ஏற்றி, உடம்பு சூடேறியதும் இரண்டு ஊசி மருந்தும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து மூச்சை நிறுத்திவிடும். அதனால்தான் அளவும் நேரமும் எழுதிய அட்டையைக் காயம்பட்டவரின் சட்டையில் கட்டி அனுப்பினார்கள். அந்த அட்டையில் ஒரு வரி விட்டுப்போனால் ஓர் உயிர்.

கொரியாவில் குளிர் இதை இன்னும் கடுமையாக்கியது. ரங்கராஜின் பிரிவு 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கியது. அந்தக் குளிர்காலத்தில் காயம்பட்டவருக்கு ஏற்றும் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) குழாயிலேயே உறைந்தது. அமெரிக்க மருத்துவ உதவியாளர்கள் மார்பியா ஊசியை வாய்க்குள் அடக்கிச் சூடாக வைத்துக்கொண்டார்கள். டிசம்பரில் சீனப்படை இறங்கி, ஐ.நா. படைகள் பியாங்யாங்கை விட்டுப் பின்வாங்கியபோது, சாமான்களை ஏற்ற லாரி இல்லை. போட்டுவிட்டு வரும்படி உத்தரவு. ரங்கராஜ் சம்மதிக்கவில்லை. அறுவைச் சாமான் இல்லாத மருத்துவப் பிரிவு வெறும் கூட்டம்தானே. ஸ்டேஷனில் கிடந்த பழைய நீராவி இன்ஜினைப் பிடித்தார்கள். ஓட்டத் தெரிந்த ஆள் படைக்குள்ளேயே இருந்தார். வாளி வாளியாகக் கைமாற்றித் தண்ணீர் நிரப்பி, சாமானும் ஆளுமாக ஏறி, ஆற்றுப்பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்றுமுன் கடந்து வந்துவிட்டார்கள். வீரக்கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு இது ஸ்டோர் கணக்கை உயிராக மதித்த மனிதரின் முடிவாகவே படுகிறது.

1951 மார்ச் 23-ல் முன்சான்-னியில் அமெரிக்காவின் 187-வது பாராசூட் படையோடு இந்திய மருத்துவக் குழுவினர் 12 பேர் குதித்தார்கள். பாராசூட் அறுவைக் குழு சாமானைக் கட்டும் விதம் தனி. ஒரு பெட்டி ஆற்றிலோ எதிரியிடமோ விழுந்தாலும் வேலை நிற்காதபடி, கத்தி, மயக்கமருந்து, பிளாஸ்மா எல்லாவற்றையும் பல பெட்டியில் பகிர்ந்து கட்டுவார்கள். எல்லாக் கத்தியும் ஒரே பெட்டியில் இருந்து அது காணாமல்போனால், குதித்த மருத்துவரால் கைகட்டி நிற்கத்தான் முடியும். பிரிவின் இன்னொரு பாதி தேகூவில் தங்கிப் பொதுமக்களுக்கு வைத்தியம் பார்த்தது. ரங்கராஜுக்கும் மேஜர் என்.பி. பானர்ஜிக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது.

போர் முடிந்து ஊர் திரும்பிய மருத்துவர்களைப் பற்றியும் கொஞ்சம். எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கீழ்நிலைப் படிப்பான எல்.எம்.பி. படித்தவர்களுக்குப் படையில் முன்பு ஜமேதார், சுபேதார் நிலைதான். 1943 ஏப்ரல் 3-ல் இந்திய ராணுவ மருத்துவப் படை ஒன்றாக்கப்பட்ட பிறகு அவர்களுக்கும் அதிகாரிப் பதவி வந்தது. போருக்குப் பின் விடுவிக்கப்பட்டவர்களில் சிலர் சுருக்கப் படிப்பில் எம்.பி.பி.எஸ். முடித்தார்கள்; பலர் சிறிய ஊர்களில் கிளினிக் போட்டார்கள். கம்பவுண்டர் கலக்கிக்கொடுக்கும் மிக்ஸ்சர் மருந்து, வேளைக்கு எவ்வளவு என்று காட்ட பாட்டிலில் ஒட்டிய வெட்டுக்காகிதம், கொதிக்கும் பாத்திரத்தில் ஊசிகள். பென்சிலின் கைக்கு வந்தபோதும் மூன்று மணிக்கொரு தரம் ஊசி போட்டாக வேண்டும்; உடம்பு அதைச் சீக்கிரம் சிறுநீரில் தள்ளிவிடும். ராத்திரியும் விழித்து ஊசி போட ஆள் இல்லாத கிராமத்தில் அது பாதி மருந்துதான். உடம்பில் மெதுவாகக் கலக்கும் புரோக்கைன் பென்சிலின் வந்து தினம் ஒன்று போதும் என்றான பிறகே கிராமத்து வைத்தியம் மாறியது.

ரங்கராஜ் போன வழி வேறு. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானில் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். பனிக்காலத்தில் மலைப்பாதை அடைபடும். ஆண் தடுப்பூசிக்காரர் பெண்களை அணுக முடியாது. போதாததற்கு, அம்மைப் புண்ணின் பொருக்கைப் பொடித்துத் தோலில் கீறிவைக்கும் பரம்பரை அம்மை குத்துவோர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படிக் குத்தப்பட்டவருக்கு நோய் பெரும்பாலும் லேசாக வரும். ஆனால் அவரிடமிருந்து அடுத்தவருக்கு முழு பெரியம்மையே தொற்றும். ஓர் ஊரில் நோய் அடங்கிய பிறகு மறுபடி கிளம்பினால் முதலில் விசாரிக்க வேண்டியது இவர்களைத்தான்.

கருவி, முனை இரண்டாகப் பிளந்த ஊசி. மருந்தில் தோய்த்தால் முனைகளுக்கு நடுவே ஒரு துளி நிற்கும்; அதுதான் ஒருவருக்கான அளவு. ஒரே இடத்தில், 5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள், செங்குத்தாக 15 குத்து. ரத்தம் மினுக்கென்று கசிய வேண்டும். கையை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடாமல் குத்தினால் மருந்திலுள்ள உயிர்க்கிருமி செத்துவிடும். சுத்தம் பார்த்துக் கெடுத்த இடம் அது. குத்தியதோடு வேலை முடியாது. ஏழாம் நாள் போய்க் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி குத்த வேண்டும். மாத்திரை வரிசையில் வாயைத் திறந்து காட்டச் சொன்ன பழக்கம் இங்கே ஏழாம் நாள் வருகையாக வந்து நின்றது. ஆப்கானிஸ்தானில் உள்ளூர்ப் பரவல் 1972-ல் நின்றது. உலகத்திலேயே பெரியம்மை இல்லை என்று 1980-ல் அறிவித்தார்கள். நம் வீட்டு ஆச்சி, தாத்தா கையில் பெரிய வட்டத் தழும்பு இருந்தால், அது பெரும்பாலும் இந்த ஊசிக்கு முன்னால் இந்தியாவில் புழங்கிய திருகு கத்தியின் அடையாளம். அது தோலை அதிகம் கிழித்தது, அதனால் தழும்பும் பெரிது.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இப்படி ஒரு டாக்டரின் காகிதம் கிடந்தால் முதலில் லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் சூட்டில் மை போய்விடும். ஒவ்வொன்றையும் இருபுறமும் படமெடுத்து, கறையானுக்கு எட்டாமல் வையுங்கள். பதக்க நாடாவின் நடுவில் அகலச் சிவப்பும், இருபுறமும் கருநீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் பர்மா ஸ்டார். தேட வேண்டியது பிரிவின் எண்: இத்தனையாவது கள மருத்துவப் பிரிவு, இத்தனையாவது இந்தியப் பொது மருத்துவமனை என்று சம்பளச் சீட்டிலோ மாற்றல் உத்தரவிலோ கடித முகவரியிலோ இருக்கும். அந்த எண் கிடைத்தால், லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 177 என்ற தொகுப்பைப் பாருங்கள். போர்க்கால மருத்துவப் பிரிவுகளின் நாட்குறிப்புகள் அங்கேதான் இருக்கின்றன. பெயரைத் தேடி ஏமாறவேண்டாம், அதில் ஆள் பெயர் குறைவு. தேதியை வைத்துத் தேடுங்கள்.